சின்ன டிராக்டர்: தரம் குறைந்ததா, பாரம் கூடியதா?

கடலை அறுவடைக் காலத்தில் நம் மண்டி வாசலில் காலை ஆறு மணிக்கே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு காலத்தில் அத்தனையும் மாட்டு வண்டிகள். பிறகு பெரிய டிராக்டர்கள் வந்தன. இப்போது பார்த்தால் வரிசையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, ஆள் நெஞ்சு உயரம்கூட இல்லாத சின்ன டிராக்டர்கள். எடை போட்டு முடித்துவிட்டு டீ குடிக்க உட்காரும் விவசாயிகள் முதலில் விலையைப் பேசுவார்கள், அடுத்தபடியாக வண்டியைப் பேசுவார்கள். "அந்தக் காலத்து இரும்பு இப்ப எங்கே இருக்கு? எல்லாம் தகரம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் ஆமாம் போடுவார்கள். நாமும் பல வருடம் ஆமாம் போட்டவர்களே.

மளிகைக் கடைக்காரருக்கு டிராக்டரின் தரத்தைப் பற்றி என்ன கவலை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். நம் வேடசந்தூர், எரியோடு, வடமதுரை, குஜிலியம்பாறை பக்கத்தில் கடை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் தம் பாக்கி நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்க்கட்டும். பெரிய பாக்கி தோட்டத்துக்காரர்களுடையதாகவே இருக்கும். அவர் பைனான்சில் சின்ன டிராக்டர் எடுத்திருப்பார். தவணை கட்ட வேண்டும். ஆடிப் பட்டத்தில் மழை பெய்த நாலாம் நாள் வண்டி படுத்துவிட்டால் விதைப்பு தள்ளும், மகசூல் குறையும், தவணை பாக்கி விழும். பைனான்ஸ்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அவருக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்தால்தான் பருப்புக்கும் எண்ணெய்க்கும் நமக்குப் பணம் வரும். ஆகவே அந்த வண்டியின் பல் சக்கரத்தில் நம்முடைய முதலும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம் சொந்த அனுபவத்தையே முதலில் சொல்லிவிடுகிறோம். குடகனாற்றை ஒட்டி நமக்கு ஐந்து ஏக்கர் முருங்கைத் தோட்டம் உண்டு. வரிசைக்கு நடுவில் பெரிய டிராக்டர் போனால் கிளை முறிகிறது, பூ கொட்டுகிறது. ஏர் மாடு பூட்ட ஆளும் இல்லை, மாடும் இல்லை. 2021ல் நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன டிராக்டர் ஒன்று வாங்கினோம். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். தோட்டத்து வேலையை அது செய்த நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்துக்கு அது குடித்த டீசலைப் பார்த்து நம் கணக்குப்பிள்ளையே இரண்டு தடவை கேட்டார்.

பதினான்காம் மாதம் வண்டி நின்றது. கார்த்திகை மாதம், மண்டிக்குக் கடலை ஏற்றி வரும்போது, ஆத்துமேட்டைத் தாண்டித் திரும்பும் இடத்தில் பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. கழற்றிப் பார்த்ததில் கிரௌன் பினியனில் மூன்று பல் போயிருந்தது. விற்ற டீலரிடம் கேட்டோம். ஓவர்லோடு, வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டார். உதிரிபாகம் வர பத்தொன்பது நாள் ஆயிற்று. நாம் அந்த ஷோரூமில் போட்ட சத்தத்தை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

கூச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. உடைந்த பினியனை எடுத்துக்கொண்டு, நம்மூரில் முப்பது வருடத்துக்கு மேல் பட்டறை வைத்திருக்கும் ஒரு மிஸ்திரியிடம் போனோம். இரும்பு மட்டமான இரும்பு என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்பது நம் எண்ணம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முறிந்த இடத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் காட்டினார். முறிவின் ஒரு பாதி வழவழப்பாகக் கறுத்திருந்தது. மறு பாதி உப்புக்கல் உடைத்தது போலப் பளிச்சென்று இருந்தது.

"இது அன்னைக்கு ஒடஞ்சதில்ல முதலாளி. கறுத்திருக்கிற பாதி எப்பவோ விரிசல் விட்டு, ஆயில் உள்ள போயி, கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்திருக்கு. மிச்சப் பாதிதான் அன்னைக்கு விட்டுச்சு. இரும்பு மட்டமா இருந்தா உள்ள ஓட்டை ஓட்டையா தெரியும். இதுல அப்படி ஒண்ணும் இல்ல. எத்தனை மூட்டை ஏத்துனீங்க?"

ஐம்பது மூட்டை என்றோம். மூட்டை நாற்பது கிலோ வைத்தால் இரண்டு டன். டிரெய்லர் முக்கால் டன். இழுத்த டிராக்டரின் சொந்த எடை முக்கால் டன்னுக்கும் குறைவு.

"தார் ரோட்டுல முன்சக்கர டிரைவைப் போட்டே ஓட்டுனீங்களா?"

டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். பாரம் இழுக்கவில்லை என்று எந்நேரமும் அதைப் போட்டே ஓட்டியிருக்கிறார். அது சேற்றுக்கும் உழவுக்கும் உள்ளது. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். தார் ரோட்டில் அது நடக்காது. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்க, அந்த முறுக்கு முழுவதும் உள்ளே இருக்கும் பல்லில்தான் இறங்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்திலேயே இது போட்டிருக்கிறது. புத்தகம் சீட்டுக்கு அடியில் உறை பிரிக்காமல் இருந்தது.

"ஆட்டுக்குட்டி மேல அம்பாரி வச்சுட்டு, ஆடு சரியில்லேன்னா எப்படி?" என்றார் மிஸ்திரி. நுகர்வோர் மன்ற யோசனை அத்தோடு போயிற்று.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விசாரிக்கலானோம். நம் நாட்டு டிராக்டரின் கதையே சின்ன டிராக்டரில்தான் தொடங்குகிறது. 1959ல் பரீதாபாத்தில் ஐஷர் கம்பெனி முதல் டிராக்டரை வெளியே விட்டது. 1971ல் அரசாங்கத்தின் எச்.எம்.டி. நிறுவனம் செக்கோஸ்லோவாகியா தொழில் நுட்பத்துடன் அரியானாவின் பிஞ்சோரில் 25 குதிரைசக்தி வண்டியைச் செய்யத் தொடங்கியது. 1974ல் பஞ்சாபின் மொகாலியில், துர்காபூர் ஆராய்ச்சிக் கூடத்தில் நம்மவர்களே வடிவமைத்த ஸ்வராஜ் 724 வந்தது. எல்லாம் 25 குதிரைசக்தியை ஒட்டியவைதான். ஆனால் அவை சக்தியில் சின்னவையே தவிர உடம்பில் சின்னவை அல்ல. இன்றும் விற்கும் அந்த வகையான ஐஷர் 242, ஸ்வராஜ் 724 இவற்றின் எடை 1,700 கிலோவை ஒட்டி இருக்கிறது.

இப்போதைய தோட்டத்து டிராக்டர்களின் எடையைப் பாருங்கள். 24 குதிரைசக்தியுள்ள குபோட்டா பி 2441, பதினெட்டரை குதிரைசக்தியுள்ள வி.எஸ்.டி. மிட்சுபிஷி சக்தி இரண்டுமே 650 கிலோவை ஒட்டியவை. ஏறத்தாழ அதே குதிரைசக்தி, எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். ஐஷர் 242ல் ஒன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள ஒரே ஒரு சிலிண்டர், நிதானமாக இடித்து இடித்து வேலை செய்யும். குபோட்டாவில் ஒரு லிட்டர் சொச்சத்தில் மூன்று சிலிண்டர், நிமிடத்துக்கு 2,600 சுற்று. இரண்டுக்கும் 'சின்ன டிராக்டர்' என்று ஒரே பெயர் வைத்து அழைப்பதில்தான் பாதிக் குழப்பம். ஐம்பது கிலோ மூட்டை தூக்குகிற கொத்தனாரையும், வேகமாக ஓடுகிற பையனையும் ஒரே கூலிக்கு வைத்துக்கொண்டு, பையன் மூட்டை தூக்கவில்லை என்று திட்டுகிற கதை.

எடை குறைந்ததற்குக் காரணம் இரும்பைத் திருடியது என்று நாமும் நினைத்திருந்தோம். அப்படிச் சொல்ல முடியவில்லை. இந்த வகை வண்டிகளின் பூர்வீகம் ஜப்பான். அங்கே நெல் வயல் சிறியது, சேறு ஆழம். கனத்த வண்டி இறங்கினால் புதைந்துவிடும். ஆகவே வேண்டுமென்றே இலேசாகச் செய்தார்கள். கூடவே கணக்கும் கூடிவிட்டது. பழைய காலத்தில் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழும் என்று துல்லியமாகத் தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று இரும்பை அள்ளிப் போட்டார்கள். அந்த உபரி இரும்பைத்தான் நாம் 'அந்தக் காலத்துத் தரம்' என்கிறோம். இப்போது தேவையான இடத்தில் தேவையான அளவு மட்டும் வைக்கிறார்கள். சொன்ன வேலைக்கு அது போதும். சொல்லாத வேலைக்குப் போதாது. வேடசந்தூரின் சரளை கலந்த செம்மண்ணும், தார் ரோட்டில் இரண்டு டன் மூட்டையும் ஜப்பான்காரன் கனவில்கூட வந்திருக்காது.

இப்படிச் சொல்வதால் கம்பெனிகளுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். குறைந்தது குறைந்ததுதான். பானட் தகடு விரலால் அழுத்தினால் உள்ளே போய் வருகிறது. நம் வண்டியில் பாட்டரி வைக்கும் தட்டு முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடித்தது. சீட்டுக்கடியில் போகும் ஒயர்கள் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை நம்பித் தொங்கின, கிளிப் உடைந்ததும் உரசி ஷார்ட் ஆகி விளக்கெல்லாம் அணைந்தது. இவை ஓவர்லோடில் போனவை அல்ல. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கச் செய்த வேலை. வாடிக்கையாளர் கண்ணுக்கு முதலில் படும் இடத்திலேயே கஞ்சத்தனம் செய்வது எந்த வியாபாரத்திலும் புத்திசாலித்தனமாகாது.

இதைவிடப் பெரிய குறை பழுது பார்ப்பதில் இருக்கிறது. அந்த நாளில் திண்டுக்கல்லில் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் புஷ் கடைந்து தருவார்கள், தேய்ந்த ஷாஃப்ட்டுக்கு உலோகம் ஏற்றிக் கடைவார்கள், லைனர் மாற்றுவார்கள். சென்னை செம்பியத்தில் டாஃபே வண்டிகள் செய்யத் தொடங்கிய காலம் முதல் அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகள் ஊருக்கு ஊர் இருந்தன. மதுரை போகும் வழியில் கல்லடிப்பட்டியில் அவர்களுடைய தொழிற்சாலையே இருக்கிறது. புதிய வண்டியில் ஒரு சின்ன பாகம் போனாலும் அதைத் தாங்கிய முழு அமைப்பையும் மாற்று என்கிறார்கள். நமக்குப் பத்தொன்பது நாள் ஆனது உடைந்ததால் அல்ல, உதிரி வராததால். ஒரு பொருள் உழைப்பது மட்டும் தரம் அல்ல. நின்ற பொருள் எத்தனை நாளில் எழுந்து நடக்கிறது என்பதும் தரத்தில் சேர்த்திதான்.

சிலர் எல்லாவற்றுக்கும் எலக்ட்ரானிக் வந்ததுதான் காரணம் என்கிறார்கள். 2023 ஜனவரி முதல் வந்த புதிய புகை விதி 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு உள்ளது. நம் தோட்டத்து வண்டிகள் பெரும்பாலும் பழைய மாதிரி பம்பில்தான் ஓடுகின்றன. அந்தப் பழியைச் சின்ன வண்டி மேல் போட வேண்டியதில்லை.

பழைய வண்டியின் அருமை பெருமையைப் பேசுகிறவர்கள் அதன் தொல்லையை மறந்துவிடுகிறார்கள். குடகனாறு அணை உடைந்த 1977ல் நமக்குப் பதினாறு வயது. அதற்கு மூன்று வருடம் கழித்து நம் தகப்பனார் 35 குதிரைசக்தி வண்டி ஒன்றை வாங்கினார். அது நின்ற இடத்திலெல்லாம் கீழே ஆயில் சொட்டும். டப்பா வைத்துப் பிடிப்பது நம் வேலை. மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தகப்பனாருக்குத் தோள்பட்டை வலி வந்து, கடைசி வரை போகவில்லை. இன்றைக்கு எண்ணெய்க்குள் மூழ்கிய பிரேக் வந்திருக்கிறது, ஈரத்தில் வழுக்குவதில்லை. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியை ஐம்பது கிலோ எடையுள்ள பெண்பிள்ளையும் ஓட்டுகிறாள். இன்னொன்று, முப்பது நாற்பது வருட வண்டி இன்னும் ஓடுகிறதே என்று நாம் காட்டுவது தப்பிப் பிழைத்த வண்டியை. அதோடு வாங்கிய மற்றவை பழைய இரும்புக் கடைக்குப் போய் வருடங்கள் ஆயின. அவை நம் கண்ணில் படுவதில்லை.

இனி நம்மவர்கள் பக்கம் வருவோம். இது சிலருக்குக் கசக்கும்.

நம் உறுப்பினர்களில் ஆயில், பில்டர் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய டிராக்டரில் காற்று வடிகட்டி ஆயில் குளியல் வகை. தூசி ஆயிலில் படியும், கழுவி ஊற்றினால் போதும், நாலு நாள் மறந்தாலும் சமாளிக்கும். பல புதிய வண்டிகளில் காகித பில்டர். கோடையில் நம் செம்மண் புழுதியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கம்ப்ரசரில் ஊதி ஊதிப் போட்டால் காகிதம் கிழியும். கிழிந்த வழியே போகும் புழுதி, 2,600 சுற்றில் ஓடும் சின்ன எஞ்சினின் லைனரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்துவிடும். விவசாயி நம் கடைக்கு வந்து "விலை குறைஞ்சது இருக்கா?" என்று கேட்கிறார். அசல் மாதிரியே அட்டைப்பெட்டி போட்ட போலியை எடுத்துக் கொடுக்கிறோம். லாபம் அதில் கூட. ஆயில் டப்பாவிலும் இதே கதை. ஆறு மாதம் கழித்து எஞ்சின் புகை கக்கினால் கம்பெனி மேல் பழி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. 5 ஆகிவிட்டது. டயர், டியூப், பல உதிரிபாகங்களுக்கு 18 ஆக இருந்ததும் 5 ஆகிவிட்டது. அசலுக்கும் போலிக்கும் உள்ள விலை வித்தியாசம் சுருங்கிய இந்த நேரத்திலாவது போலிச் சரக்கை அலமாரியிலிருந்து இறக்கிவிடலாம்.

அடுத்தது பாரம். யார் ஏற்றச் சொல்கிறார்கள்? மண்டிக்காரர்களாகிய நாம்தான். ஒரே நடையில் வந்தால் ஏற்று இறக்குக் கூலி மிச்சம், வாடகை மிச்சம். சின்ன டிராக்டரோடு பெரிய டிராக்டரின் டிரெய்லரைக் கொக்கி போட்டு அனுப்புகிறவர்களையும் பார்க்கிறோம். ஏற்றத்தில் பல் உடைந்தால் பணத்தோடு போயிற்று. இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர் இரண்டே முக்கால் டன்னோடு முக்கால் டன் வண்டியைத் தள்ளினால் உட்கார்ந்திருக்கும் பையனின் கதி என்ன? தவிர, விவசாய உபயோகம் என்று பதிவான வண்டியில் வியாபாரச் சரக்கு ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கத் தகராறு செய்யும். இத்தகைய வழக்குகள் கோர்ட்டுகளில் நிறைய நடந்திருக்கின்றன. மூட்டை மேல் ஆள் உட்கார்ந்து வந்தால் இன்னும் சிக்கல்.

நம் மண்டியில் 2023 தை மாதம் முதல் ஒரு ஏற்பாடு செய்தோம். சின்ன டிராக்டரில் இருபத்தைந்து மூட்டைக்கு மேல் வந்தால் இறக்குவதில்லை. மிச்சத்துக்கு நம் டெம்போவை அனுப்புவோம், வாடகையில் பாதி நம் கணக்கு. முதல் சீசனில் ஏழெட்டு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு வேறு மண்டிக்குப் போனார்கள். அவர்களில் இருவர் திரும்பி வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. டெம்போ வாடகையில் கையைக் கடிக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. மற்ற மண்டிகளும் சேர்ந்து செய்தால் கையைக் கடிக்காது. சங்கக் கூட்டத்தில் இதை இரண்டு முறை எழுப்பினோம், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளிப் போயிருக்கிறது.

நம் வண்டி புது கிரௌன் பினியனோடு ஓடுகிறது. தோட்டத்து வேலையும், இருபத்தைந்து மூட்டையும் தவிர வேறு எதற்கும் விடுவதில்லை. தார் ரோட்டுக்கு வந்ததும் முன்சக்கர டிரைவை எடுத்துவிட வேண்டும் என்று டாஷ்போர்டில் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறோம். இதுவரை பின்பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஒயரிங் மட்டும் மறுபடி ஒரு தடவை போயிற்று.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மத்தியப் பிரதேசத்தில் புட்னி என்ற ஊரில் 1950களிலிருந்து மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டரை இழுவை, பிரேக், டீசல் செலவு எல்லாம் பார்த்து, வயலில் ஓட்டி, கடைசியில் எஞ்சினைப் பிரித்து லைனர், ரிங் எவ்வளவு தேய்ந்தன என்று அளந்து அறிக்கை போடுகிறார்கள். சோதனையின் நடுவே எது எது பழுதானது என்றும் அதில் இருக்கும்.  டீலரிடம் கேட்டு வாங்கலாம். கூடவே கிளட்ச் பிளேட்டும் ஆயில் சீலும் கிரௌன் பினியனும் திண்டுக்கல் கடை அலமாரியில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

நம் மகன் நாலைந்து மாடல்களின் புட்னி அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறான். ஆங்கிலத்தில் இருந்தாலும் எண்கள் புரியும். சங்க அலுவலகத்தில் பைலில் போட்டு வைத்திருக்கிறோம். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மாலை நாலு மணிக்கு மேல் வந்தால் பார்க்கலாம், உங்கள் வாடிக்கையாளர்களையும் அனுப்பலாம். பைலை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.